லாரியில் ஏறாத பதினெட்டு மைல்

லாரி எனக்குப் பின்னால் வந்து வேகத்தைக் குறைத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இன்ஜினின் இருமல் எனக்கு ஒரு வருஷத்துப் பழக்கம்.

"அண்ணாத்த, ஏறிக்க!" டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "இன்னும் ரெண்டு மைலுக்கு மேல கீது. பத்து மணிக்குள்ள நீ போய்ச் சேர மாட்ட."

லாரியின் மேல் ஏற்கெனவே ஏழெட்டு இளைஞர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அந்த வாசனை என்னை வந்து இழுத்தது. "வாங்க சார், எடம் கீது" என்று பக்கத்துப் பலகையைத் தட்டிக் காட்டினான். அவனுக்கு இருபது வயது இருக்கலாம். எனக்கு ஐம்பத்தொன்று.

சாலையின் இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. கடல் இன்னும் கண்ணில் படவில்லை, வாடை மட்டும் வந்துவிட்டது. இரண்டு கெண்டைக்காலும் கல்லாகிக் கிடந்தன.

ஏறி உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் மாமல்லபுரம். ஆனால் ஏறினால், அன்றோடு என் ஓட்டம் முடிந்தது. அந்த வருஷத்து ஓட்டத்தை மட்டும் சொல்லவில்லை. ஆயுசுக்கும் முடிந்தது. அது டிரைவருக்குத் தெரியாது.

போன வாரம் இந்தத் தொடரில் நான் கோர்ட்டில் நகல் எழுதிய காலத்தைப் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். "நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்ததாக எழுதுகிறீர்களே, உடம்பு என்ன ஆயிற்று?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. லாரி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும், அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.

மழைக்கு ஓடியவன்

எழுபதுகளின் தொடக்கம். செங்கல்பட்டு கோர்ட்டில் நகல் குமாஸ்தா வேலை. யாரோ இரண்டு பேர் வரப்புக்காக அடித்துக்கொள்வார்கள், அதை நான் மூன்று பிரதி எழுத வேண்டும். காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பது. இடுப்பு பெருத்தது, மூச்சு சிறுத்தது. டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மருந்து வேண்டாம், நட" என்றார்.

கொளவாய் ஏரிக்கரைச் சாலையில் விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தேன். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. எதிரே தெரிந்த டீக்கடைக் கொட்டகையை நோக்கி ஓடினேன். கொட்டகை வந்தது, போனது. மழையும் நின்றது. நான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தேன். நின்று பார்த்தபோது சட்டையெல்லாம் நனைந்திருந்தது, சிரிப்பு வந்தது. இருபது வருஷத்தில் காரணமில்லாமல் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாளே ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கினேன். பழைய காக்கி டவுசர் வீட்டிலேயே இருந்தது.

அந்தக் காலத்தில் வயது வந்த மனிதன் சாலையில் ஓடினால், ஒன்று பஸ்ஸைப் பிடிக்க, இல்லையென்றால் நாய்க்குப் பயந்து. வேறு காரணம் ஊருக்குத் தெரியாது. முதல் வாரமே சைக்கிளில் வந்த ஒரு கான்ஸ்டபிள் வழிமறித்தார்.

"இன்னாத்த அடிச்சிக்கினு ஓடுற?"

கோர்ட்டு குமாஸ்தா என்றேன். அவர் நம்பவில்லை. வீடு வரை சைக்கிளிலேயே கூட வந்தார். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி மரகதத்திடம், "இவரு உங்க வூட்டுக்காரரா?" என்று கேட்டார். மரகதம் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் ஆமாம் என்றாள்.

எங்கள் பெண்ணுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு இடம் ஜாதகம் பொருந்தாமல் தட்டிப்போயிற்று. பழி என்னவோ என் டவுசர் மேல் விழுந்தது.

"பொண்ணோட அப்பா ட்ராயரோட ரோட்டுல ஓடுறாருன்னு கூடுவாஞ்சேரி வரிக்கும் பேசிக்கினு கீறாங்க" என்றாள் மரகதம்.

நான் நிறுத்தவில்லை. ஏன் என்று அவளிடம் அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர்களின் சண்டையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் போகும் அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் என்னுடையது. அதில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவ்வளவுதான் காரணம்.

மெயில் வண்டி செய்த உபகாரம்

என்னிடம் கைக்கடிகாரம் இல்லை. இருந்ததை மகன் கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அதனால் ரயிலை வைத்து நேரம் பார்த்தேன். செங்கல்பட்டில் பிறந்தவனுக்கு ரயிலைவிட நம்பகமான கடிகாரம் எது?

விடியலில் ஸ்டேஷனில் ஒரு பாசஞ்சர் வண்டி கூவும். அந்தக் கூவலில் கிளம்புவேன். பரனூர் வரை ஓடித் திரும்பி வரும்போது, தெற்கேயிருந்து வரும் மெயில் ஏரிக்கரையில் எனக்கு எதிரே வந்து தாண்டிப்போகும். அது எந்த இடத்தில் என்னைத் தாண்டுகிறது என்பதுதான் என் கணக்கு. வீட்டுக்குக் கிட்டே தாண்டினால் நான் வேகமாக ஓடியிருக்கிறேன் என்று பொருள். முதலில் பெரிய மதகருகே தாண்டியது. மூன்று மாதத்தில் அதற்கு இப்பால் இருந்த ஒற்றைப் பனைவரை வந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் மெயிலையே காணோம். வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போதுதான் அது தடதடத்துப் போகும் சத்தம் கேட்டது. ஒரே இரவில் ஒரு மைல் முன்னேற்றம்! மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. நான் தரையிலேயே நடக்கவில்லை. கோர்ட்டில் எல்லோரிடமும் சொன்னேன். வக்கீல் ஒருவர் கை குலுக்கினார்.

அந்தத் தையில்தான் ஊர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமையில் ஓர் ஓட்டம் வைத்தார்கள். செங்கல்பட்டில் தொடங்கித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரை வரை. பதினெட்டு மைல். காலை ஆறுக்குத் தொடக்கம். பத்து மணிக்குள் வந்தவர்களின் பெயர் நோட்டில் ஏறும். முடியாதவர்களை அள்ளிக்கொண்டு வரப் பின்னால் ஒரு லாரி.

மெயிலையே ஜெயித்தவனுக்குப் பையன்கள் எம்மாத்திரம்? முதல் வரிசையில் நின்று, அவர்களோடு சரிக்குச் சரியாகப் புறப்பட்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டி மூன்றாவது மைலில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். அதன்பிறகு எழுந்திருக்க முடியவில்லை. லாரி வந்தது. இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினார்கள். மாமல்லபுரத்தில் பொங்கல் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. மூட்டை இறக்குவதுபோல என்னை அதன் நடுவில் இறக்கினார்கள்.

திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வந்த ஒரு ரயில்வேக்காரரிடம் என் வேதனையைச் சொன்னேன். மெயிலைவிட வேகமாக ஓடியவனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், புது டைம் டேபிள் வந்து ரெண்டு மாசமாச்சே. மெயில் இப்ப பத்து நிமிஷம் லேட்டாத்தான் வருது."

கை குலுக்கிய வக்கீல் அதன்பிறகு ஒரு மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மெயில்போலக் கூவினார்.

மரகதத்தின் நிபந்தனை

மரகதம் அன்று சாயங்காலம் வெந்நீரில் உப்புப் போட்டு என் கால்களை வைத்தாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு வருஷம்" என்றாள். "ஓடுங்க. நான் தடுக்கல. ஆனா அடுத்த பொங்கலுக்கும் லாரியில வந்து எறங்கினீங்கன்னா அதோட முடிஞ்சது. ஷூவையும் ட்ராயரையும் பரண் மேல ஏத்திடுவேன், அப்புறம் கேக்கக் கூடாது. என் தலை மேல கை வெச்சுச் சொல்லுங்க."

கோர்ட்டில் தினம் பத்துச் சத்தியம் கேட்கிறவன் நான். கேட்டுக் கேட்டுச் சத்தியத்தின் மேல் இருந்த மரியாதையே போயிருந்தது. இருந்தாலும் இது மரகதத்தின் தலை. கை வைத்துச் சொன்னேன்.

கூடையோடு முந்தியவள்

அடுத்த மாதங்களில், ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் மாமல்லபுரம் போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றத்தை நோக்கி ஓடிப் பழகினேன். கஷ்டமான பாதி அது. அதைக் காலுக்குப் பழக்கிவிட வேண்டும் என்பது எண்ணம்.

இரண்டாவது ஞாயிறு, கால்வாய்ப் பாலம் தாண்டி நான் இரைக்க இரைக்க ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. நான்கு பெண்கள், தலையில் மீன் கூடை, ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். யார் வீட்டு மருமகள் யாரோடு சண்டை போட்டாள் என்று பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். கூடையிலிருந்து சொட்டிய தண்ணீர் சாலையில் நேர்க்கோடாக விழுந்திருந்தது.

கடைசியாகப் போனவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் கன்னியம்மா என்று பின்னால் தெரிந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவள். "இன்னா சாரே, யார்னா தொரத்தினு வராங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கூடையோடு ஒரு பெண் முந்துகிறாளே என்று ரோஷம் வந்தது. விரட்டிப் பார்த்தேன், முடியவில்லை. அவர்கள் ஒரு சுமைதாங்கிக் கல்லில் கூடையை இறக்கி வைத்து நின்றபோதுதான் பிடிக்க முடிந்தது.

மீன் கூடையை எந்த பஸ் கண்டக்டரும் ஏற்ற மாட்டார், நாற்றம் என்பார். கட்டுமரம் கரைக்கு வந்ததும் மீனை வாங்கிக்கொண்டு வெயிலுக்கு முன்னால் திருக்கழுக்குன்றம் போய்ச் சேர வேண்டும். "வெயிலு ஏறுனா செவுளு வெளுத்துப் பூடும். அப்பால எவ வாங்குவா?" என்றாள் கன்னியம்மா. இருபது வருஷமாக வாரத்தில் ஆறு நாள் அந்தச் சாலையில் ஓடுகிறாள். அதற்கு ஓட்டம் என்று பெயர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. 'கழுக்குன்றம் போறது' என்றுதான் சொல்வாள்.

"நீ இன்னாத்துக்கு ஓடுற? கூடையும் இல்ல, மீனும் இல்ல."

"பிடிச்சிருக்கு, அதான்."

அவள் மற்ற பெண்களைப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். "புடிச்சிருந்தா ஓடு. ஆனா இப்டி ஆடு மாரி குதிச்சிக்கினு ஓடாத" என்றாள். "தலையில கூட கீதுன்னு நெனச்சிக்க. குதிச்சா மீன் தண்ணி மூஞ்சில ஊத்தும். காலத் தூக்காத, தேச்சிக்கினு போ. பேச முடியலன்னா நீ தப்பா ஓடுறன்னு அர்த்தம். சுமதாங்கி வரிக்கும் ஓட்டம், அங்க ரெண்டு மூச்சு. அவ்ளோதான் சாரே, இதுல இன்னா கீது?"

அதற்கப்புறம் பல ஞாயிறுகள் அவர்களோடு ஓடினேன். முதலில் ஒரு சுமைதாங்கி வரை, பிறகு இரண்டு, மூன்று. மார்கழியில் திருக்கழுக்குன்றம் சந்தை வரை அவர்களோடு போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அந்தக் குப்பத்து மருமகள்கள் எல்லோர் கதையும் எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக் கொல்லையில் ஒரு கூடைக்குள் ஈரத்துணியைப் போட்டுத் தலையில் வைத்துக் கிணற்றைச் சுற்றி ஓடிப் பார்த்ததும் உண்டு. அதை மரகதம் பார்த்துவிட்டாள். நேராக உள்ளே போனாள். யாரும் வந்துவிடாதபடி வாசற்கதவைத் தாழ் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுபடியும் அந்தச் சாலை

தை வந்தது. இந்தமுறை கடைசி வரிசையில் நின்றேன். பையன்கள் பாய்ந்தார்கள். நான் இல்லாத கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தேய்த்தபடி புறப்பட்டேன். பனி இறங்கியிருந்தது. வயலில் அறுத்த தாளின் வாசனை. திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில், "முன்னாடி போனவன்லாம் குளிச்சே முடிச்சிருப்பான்" என்று ஒருவர் சொன்னார். சிரித்துக்கொண்டே அவருக்குப் பதில் சொல்ல முடிந்தது. பேச முடிகிறது, அப்படியானால் சரியாகத்தான் ஓடுகிறேன்!

அதற்கப்பால் வழியில் உட்கார்ந்துவிட்ட மூன்று பையன்களைத் தாண்டினேன். போன வருஷம் நான் விழுந்த புளியமரமும் வந்தது. அங்கேதான் புத்தி கெட்டது. மரத்தைத் தாண்டியதும் வந்த சந்தோஷத்தில் கால் தானாகப் பாய ஆரம்பித்தது. அரை மைல் சிறுபிள்ளைபோல ஓடினேன். சரியாக அரை மைல். இரண்டு கெண்டைக்காலும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டன.

நொண்டி நொண்டிப் போனேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எதிரே கூடையோடு கன்னியம்மாவும் மற்றவர்களும் வந்தார்கள். அன்று கட்டுமரம் கரைக்கு வரத் தாமதம்போல, வேகமாக வந்தார்கள். நிற்க அவளுக்கு நேரமில்லை, மீன் தலையில் இருக்கிறது. என்னைத் தாண்டும் அந்தப் பத்து விநாடியில் கத்தினாள்.

"சாரே! கூட ஆடுது பாரு! தேச்சிக்கினு போ, தேச்சிக்கினு!"

தோளைத் தளர்த்தினேன். காலைத் தூக்காமல் தேய்த்தேன். வலி போகவில்லை, ஆனால் கால் நகர்ந்தது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அன்று அம்மியும் நானேதான், அடியும் நானேதான்.

அப்போதுதான் பின்னால் லாரி வந்தது. ஆரஞ்சு வாசனையும் வந்தது.

"பத்து மணிக்குள்ள போவ முடியாது அண்ணாத்த, நான் சொல்றன் கேளு" என்றார் டிரைவர். அவர் சொன்னது நிஜம். எனக்கும் தெரியும். "பேரும் ஏறாது, காலும் பூடும். எதுக்கு இந்தப் பேஜாரு?"

"நீங்க போங்கண்ணே. நான் வரேன்."

"வந்து இன்னா பண்ணுவ?"

"வந்துட்டுச் சொல்றேன்."

லாரி என்னைத் தாண்டிப் போய் வளைவில் மறைந்தது. சாலையில் நான் ஒருவன்தான். வியப்பு என்னவென்றால், அது போனதும் பயமும் போய்விட்டது. முழுக்க நனைந்தபிறகு முக்காடு எதற்கு? கால்வாய்ப் பாலத்தின்மேல் ஏறியதும் கலங்கரை விளக்கம் தெரிந்தது. அழுதேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன், ஐம்பத்தொரு வயதுக் கோர்ட்டு குமாஸ்தா பட்டப்பகலில் அழுதுகொண்டே ஓடினான்.

பத்து மணிக்குப் பிறகு

கடற்கரையில் எல்லைக் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். துணிப் பதாகையை இரண்டு பேர் மடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டத்தை நடத்திய சங்கத்தின் செயலாளர், கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன், நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை மூடிக்கொண்டிருந்தான். மணி பத்தேகால் ஆகியிருந்தது.

கயிறு இருந்த இடத்தை மிதித்துவிட்டு மணலில் உட்கார்ந்தேன். அப்போதுதான் மரகதத்தைப் பார்த்தேன். டிபன் கேரியரோடு நின்றிருந்தாள். பஸ்ஸில் வந்திருக்கிறாள். வருவதாக என்னிடம் சொல்லவில்லை. லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டு நின்றதாக அப்புறம் டிரைவர் சொன்னார்.

அவள் என்னிடம் வரவில்லை. நேராகச் செயலாளரிடம் போனாள்.

"தம்பி, இவரு பேர எழுது."

"டைம் முடிஞ்சி போச்சும்மா. நோட்டை மூடிட்டோம்."

"தொற."

"அம்மா, பத்து மணின்னு ரூல்ஸ் போட்டு கீறோம்…"

"ரூல்ஸ் எங்க வூட்லயும் போட்டு கீறோம்" என்றாள் மரகதம். "லாரியில வரக்கூடாதுன்னு. அவரு வரல. கால்லயே வந்தாரு. செங்கல்பட்டுல கௌம்பி இங்க வரிக்கும் காலால வந்தாரா இல்லியா? அத மட்டும் சொல்லு."

பையன் என்னைப் பார்த்தான். சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. லாரி டிரைவர் பலகையிலிருந்து குதித்து வந்தார். "வந்தாரு. நானே கூப்ட்டேன், ஏற மாட்டேன்னுட்டாரு. நான் சாச்சி" என்றார்.

"அடுத்த வருஷம் பத்து மணிக்குள்ள வருவாரு" என்றாள் மரகதம், எல்லோருக்கும் கேட்கும்படி. "வரலன்னா இந்தப் பேர நீயே அழிச்சிடு. இப்ப எழுது."

செயலாளர் நோட்டைத் திறந்தான். கடைசிப் பெயருக்குக் கீழே மையால் ஒரு கோடு போட்டு முடித்திருந்தான். கொஞ்சம் யோசித்தான். பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, கோட்டுக்குக் கீழே என் பெயரை எழுதினான்.

மரகதம் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சரிபார்த்தாள். அதன்பிறகுதான் என்னிடம் வந்து டிபன் கேரியரைத் திறந்தாள். புளியோதரை. என் வாழ்நாளில் அப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லை.

மறுநாள் விடியவில்லை, தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். கால் இரண்டும் மரக்கட்டையாகக் கிடந்தன. கண்ணைத் திறந்தால் மரகதம், கையில் காபி டம்ளர்.

"எழுந்திருங்க. பாசஞ்சர் கூவிடுச்சி."

"இன்னிக்கு ஒருநாள் விடேன், மரகதம். கால் அசையல."

"அத்தினி பேர் எதிர்ல வாய விட்டுட்டு வந்து கீறேன். அந்தப் பையன் உங்க பேர பென்சில்லதான் எழுதி கீறான். எழுந்திருங்க."